மறு: ‘ஹிஸ்டாலஜி ஆர்ட்’ – திசுக்கலையா, இழைவரைவா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் படிக்கும் துறையான ஹிஸ்டாலஜியில், பார்ப்பதை வரையும் ‘ஹிஸ்டாலஜி ஆர்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த மடல் இழையைத் தொடங்கிவைத்துவிட்டு நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். ஆடிக்காற்று வீசும்போது பாம்பனில் மின்சாரம் வருவதும் போவதும் அதன் விருப்பம். வந்திருக்கும் பரிந்துரைகளை இன்று காலைதான் சேர்த்துப் படித்தேன்.

எதற்குச் சொல் கேட்டேன் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் வேறு எதற்கோ சொல் செய்துகொண்டிருக்கிறீர்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு நான் பெயர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். செவிலியர் படிப்பும் ஆய்வக நுட்பப் படிப்பும் படிப்பவர்கள். நுண்ணோக்கியில் ஒரு கண், தாளில் ஒரு கண்ணாக உட்கார்ந்து, சாயமேற்றிய திசுச் சீவலில் தெரிவதை ரோஸ் பென்சிலாலும் ஊதாப் பென்சிலாலும் வரைகிறார்கள். ஹீமடாக்சிலின் சாயம் உட்கருவை நீல ஊதாவாக்கிவிடும், இயோசின் மற்றவற்றை ரோஸாக்கிவிடும். ஆகவே இரண்டு பென்சில் போதும். வரைந்து முடிப்பதற்குள் அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பது முக்கால்வாசி விளங்கிவிடுகிறது. இந்தச் செயலுக்குத்தான் பெயர் வேண்டும்.

இனி, வந்த சொற்கள்.

‘திசு ஓவியம்.’ தங்கச்சிமடத்தில் ஒரு மாணவியின் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “கை துடைக்கிற காகிதத்திலா வரைகிறார்கள்?” என்று கேட்டார். அத்தோடு அதை விட்டுவிட்டேன்.

‘திசுக்கலை.’ கலை என்றால் மேடையும் கைதட்டலும் கூடவே வந்துவிடுகின்றன. எனக்கு வரைய வராது என்று பின்வாங்கும் பிள்ளைதான் இதற்கு முக்கியமாக வேண்டிய பிள்ளை. அவளைப் பெயராலேயே விரட்டக் கூடாது.

‘திசுக்கோலம்.’ இது என்னைக் கொஞ்சம் மயக்கியது. முதலில் உட்கருக்களைப் புள்ளியாக வைத்து, பிறகு அவற்றைச் சுற்றிச் செல்லின் ஓரத்தை இழுப்பதுதான் எங்கள் வழக்கம். புள்ளிக்கோலம் போடுவதும் அப்படித்தானே. ஆனால் கோலம் போடுபவர் மனத்தில் இருப்பதைத் தரையில் இறக்குகிறார். இங்கே மனத்தில் இருப்பதுதான் பகை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவிக்குச் சிறுகுடல் ஸ்லைடு கொடுத்தேன். பத்தே நிமிடத்தில், குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்ச நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளை விரல்களைப் போல ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், வரிசையாக நிறுத்திவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது அவளுடைய பாடநூலில் இருக்கும் படம், ஸ்லைடில் இருப்பது அல்ல. (அவளைக் குறை சொல்லவில்லை. நான் படித்த இடத்தில் ரெக்கார்டு நோட்டுப் படங்களை மூத்த மாணவரின் நோட்டிலிருந்து பார்த்து வரைவதுதான் வழக்கம். நுண்ணோக்கி அலமாரிக்குள் பூட்டியே இருந்தது.) தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. “அந்த விரலின் ஓரத்தில் வெள்ளையாக எத்தனை பொட்டு இருக்கிறது, எண்ணு” என்றேன். எண்ணினாள். ரோஸ் வரிசைக்கு நடுவே சாயம் ஏறாத வெளிறிய இடங்கள், இங்கொன்றும் அங்கொன்றுமாக. பிறகு பெருங்குடல் ஸ்லைடை வைத்தேன். அவளே நிமிர்ந்து பார்த்தாள். “ஐயா, விரலே இல்லை. பொட்டு மட்டும் நெருக்கமாக இருக்கிறது.”

அந்தப் பொட்டுகள் கோப்பைச் செல்கள். உள்ளே சளி நிறைந்திருப்பதால் இந்தச் சாயம் பிடிக்காமல் வெளிறித் தெரிகின்றன. சிறுகுடலின் தொடக்கத்தில் குறைவாக இருந்து, போகப் போகக் கூடி, பெருங்குடலில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஏன் என்று நான் சொல்லவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: “இங்கே உறிஞ்ச வேண்டிய சத்து தீர்ந்துவிட்டது, அதனால் விரல் வேண்டாம். தண்ணீரை இழுக்க இழுக்கக் கழிவு கெட்டியாகும், வழுக்கிக்கொண்டு போகச் சளி வேண்டும்.” மூன்று ஆண்டாக மனப்பாடம் செய்தது ஒரு வெள்ளைப் பொட்டில் வந்து உட்கார்ந்தது.

ஆகவே என் பரிந்துரை ‘வரைவு’ என்று முடிய வேண்டும். ‘வரை’ என்பதற்குக் கோடு இழு என்றும் பொருள், எல்லை என்றும் பொருள். நுண்ணோக்கியில் முதலில் தேட வேண்டியதே ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்பதைத்தான்.

முன்பகுதிக்கு ‘இழை’. திசு என்பது ‘டிஷ்யூ’வின் ஒலிபெயர்ப்பு. அந்தச் சொல்லோ பழைய பிரெஞ்சில் நெய்தது என்ற பொருளில் பிறந்தது. ‘ஹிஸ்டாலஜி’யில் இருக்கும் கிரேக்க ‘ஹிஸ்டோஸ்’ தறியையும் தறியில் நெய்த துணியையும் குறிப்பது. 1801-இல் நுண்ணோக்கி இல்லாமலேயே 21 வகைத் திசுக்களைப் பிரித்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் பிஷா, 1819-இல் ஹிஸ்டாலஜி என்று பெயர் வைத்த ஜெர்மானியர் மாயர், எல்லோரும் நெசவின் பக்கமே நின்றிருக்கிறார்கள். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம், முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், இலங்கையில் நம் மக்கள் இதையே ‘இழையம்’ என்று படிக்கிறார்கள். நாம் குடலுறிஞ்சி என்பது அவர்களுக்குச் சடைமுளை. ஒரே கடலில் மீன் பிடிக்கிறோம், ஒரே குடலுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறோம். புதிதாகச் செய்யும் சொல்லாவது இரண்டு கரைக்கும் பொருந்தட்டும்.

இழைவரைவு. அடியுங்கள்.

———

அண்ணனுக்கு ஸலாம்.

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். ஸ்லைடு பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் உரிமையோடு அடிக்கிறேன்.

‘இழை’ ஆகாது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இழை என்றால் தசை இழை, நரம்பு இழை. இழைவரைவு என்று நோட்டில் எழுதினால் தசைநாரை மட்டும் வரைந்துகொண்டு வருவான். துணிக்கடையில் சொன்னால் பூவேலை என்பார்கள். நம் குழுவிலேயே இழை என்றால் மடல்தொடர். இழையவரைவு என்று நீட்டினால் குழப்பம் தீரும், நாக்குத்தான் தடுக்கும். இரண்டு கரைக்கும் பொது என்ற ஆசை நல்லதுதான். ஆனால் திண்ணையில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் தேர்வு. வினாத்தாளில் இருக்கும் சொல் திசு. அது எங்கிருந்து வந்தால் என்ன, ஊரோடு ஒன்றிவிட்டது.

‘வரைவு’ சரி. நீங்கள் சொன்னதைவிடவும் சரி. உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியத்துக்கு அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதே, புற்றுச்செல்கள் அதைத் தாண்டிவிட்டனவா இல்லையா என்று பார்ப்பதில்தான் என் பாதி நாள் போகிறது. தாண்டாவிட்டால் ஒரு மருத்துவம், தாண்டியிருந்தால் வேறு மருத்துவம். அந்த வரையை ஒரு முறை கையால் இழுத்துப் பார்த்தவன் பிறகு தவறவிட மாட்டான்.

இன்னொன்று. இரண்டு பென்சில் போதும் என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். கல்லீரலைத் தாங்கி நிற்கும் நுண்ணிய வலைநார்கள் இந்த இரண்டு சாயத்தில் கண்ணுக்கே படாது, வெள்ளிச் சாயம் ஏற்றினால்தான் கறுப்பாகத் தெரியும். வலை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

———

பரமக்குடியிலிருந்து ஒரு வரி மட்டும். வரைவு என்றால் சங்கப் பாடலில் திருமணம். ‘வரைவு கடாதல்’ என்று துறையே இருக்கிறது. திண்ணையில் பெண் பேசுகிறார்கள் என்று ஊர் நினைத்துவிடப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

———

தங்கைக்கும் பரமக்குடி ஐயாவுக்கும் வணக்கம்.

இழையை விட்டுவிட்டேன். மனமில்லாமல்தான். ‘திசுவரைவு’ என்றே இருக்கட்டும். வெள்ளிச் சாயம் பற்றிய குட்டும் வாங்கிக்கொண்டேன்.

திருமணப் பொருளைவிட எனக்கு நினைவுக்கு வந்தது அலுவலகப் பொருள். வரைவு மசோதா, வரைவு அறிக்கை என்கிறோமே, இன்னும் முடிவாகாத நகல். அது இங்கே நன்றாகவே பொருந்துகிறது. பிள்ளைகளிடம் இருப்பது நான்கைந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனுள்ள ஒரே ஒரு சீவல். சிறுமூளையில் இருக்கும் பர்க்கின்ஜி செல் என்ற நரம்புச் செல்லைப் பாருங்கள். அதன் கிளைகள் எல்லாம் ஒரே தளத்தில், நம் தீவுகளுக்கு அருகே பாறையில் முளைத்திருக்கும் கடல்விசிறியைப் போலத் தட்டையாகப் படர்ந்திருக்கின்றன. ஒரு வாட்டில் சீவினால் முழு விசிறி. இன்னொரு வாட்டில் சீவினால் வெறும் குச்சி. குச்சியை வரைந்தவனும் பொய் சொல்லவில்லை. அடுத்த சீவலைப் பார்க்கும்வரை அவனுடைய படம் வரைவுதான். இத்தாலிய மருத்துவர் கோல்ஜி 1873-இல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தை எடுத்துக்கொண்டு, ஸ்பெயின் நாட்டு அறிஞர் காஹால் நரம்புச் செல்களைத் தாள் தாளாகக் கையால் வரைந்தார். 1906-இல் இருவருக்கும் சேர்த்துத்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே செல்களைப் பார்த்து இருவரும் எதிரெதிரான முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பது வேறு கதை.

பெருங்குடல் வரைந்த மாணவியிடம் நோட்டு அட்டையில் ‘திசுவரைவு’ என்று எழுதச் சொன்னேன். பென்சிலில் எழுதினாள். ஏன் பேனாவில் எழுதவில்லை என்றேன். “குழுவில் இன்னும் யாராவது மாற்றுவார்கள் ஐயா” என்றாள்.

வரும் ஞாயிறு சிறுநீரகம். அங்கே இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான ‘கிளாமருலஸ்’ என்றால் லத்தீனில் சிறிய நூலுருண்டையாம், இழை மறுபடி வந்துவிட்டது. ஆனால் அதற்கு இப்போதே யாரும் சொல் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் வரையட்டும்.