இறந்த அப்பா பேரில் இருக்கும் காருக்கு இன்சூரன்ஸ்: அப்படியே புதுப்பிக்கலாமா?

மீனாட்சிபுரத்து மகள்:
அப்பா ஜூன் 3-ஆம் தேதி தவறிவிட்டார். அம்மா ஆனைமலையில் இருக்கிறார். அப்பாவின் டிஎன் 41 (பொள்ளாச்சிப் பதிவு) கார் இப்போது எல்லை தாண்டி கேரளத்து மீனாட்சிபுரத்தில் என்னிடம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் வேலை, தினமும் நான்தான் ஓட்டிப் போகிறேன். பாலிசி ஆகஸ்ட் 20-இல் முடிகிறது.

"அப்பா பேரிலேயே ஆன்லைனில் கட்டிவிடு, அவர் போன் என்னிடம்தான் இருக்கிறது, ஓடிபி வரும்" என்கிறார் அண்ணன். பேர் மாற்றினால் அலைச்சல், 50 சதவீத என்சிபியும் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்பது அவர் கணக்கு. டேஷ்போர்டைத் திறந்தால் அப்பா வருஷவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்த பாலிசிகள், ஒரு பெட்ரோல் பில்லின் பின்னால் அவர் கையெழுத்தில் டயர் காற்று அளவு. பேரை எடுக்க எனக்கே மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

தோப்புக்காரர்:
அண்ணன் சொல்வதுதான் சரி, தங்கச்சி. பாலிசி வண்டிக்கு, ஓட்டுகிற ஆளுக்கு இல்லை. ஒன்பது வருஷமாக மச்சான் பேரில் இருக்கிற காரைத்தான் நான் ஓட்டுகிறேன். வண்ணாமடை பக்கம் ஒரு டூவீலரில் உரசி, கேஸ் தீர்ப்பாயம் வரை போனது. என் லைசென்ஸ் சரியாக இருந்தது, கம்பெனி பணம் கட்டியது. ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) யார் பேர் என்று என்னை ஒருவரும் நிறுத்திக் கேட்கவில்லை. குடும்பத்து வண்டிக்கு எதற்கு இத்தனை காகிதம்?

வாளையார் வழி:
உங்கள் மச்சான் உயிரோடு இருக்கிறார் ஐயா. வித்தியாசமே அதுதான். உரிமையாளர் சம்மதத்தோடு லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இறந்தவர் எப்படிச் சம்மதிப்பார்? ஆகஸ்டில் எப்படி ஒப்பந்தம் போடுவார்?

தங்கச்சி, அந்த ரப்பர் பேண்டு கட்டில் கடைசி பாலிசியை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள். பாலிசிதாரர் இறந்தால் பாலிசி உடனே காலாவதி ஆகாது. இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியோ அதுவரை செல்லும் என்று இருக்கும். அதற்குள் வாரிசு தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் புது பாலிசி எடுக்க வேண்டும். செப்டம்பர் 3 வரை நாள் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு ஆகஸ்ட் 20-தான் கடைசி.

தோப்புக்காரர்:
மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 157 என்று ஒன்று இருக்கிறதே? வண்டி கை மாறினால் இன்சூரன்ஸும் கூடவே மாறியதாகச் சட்டமே சொல்கிறது. அடிபட்டவனை நடுத்தெருவில் விடக்கூடாது என்பதற்காக வந்த சட்டம். பிரீமியத்தை வாங்கி வைத்துக்கொண்டு கம்பெனி எப்படிக் கைவிரிக்கும்?

வாளையார் வழி:
அடிபட்டவருக்கு, ஆமாம். நம் காருக்கு இல்லை. 157 தேர்டு பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்பட்ட வெளியாளுக்கு மட்டும்தான், சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி புது உரிமையாளரை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் உயிரோடு இருக்கும் பாலிசி கை மாறுவதைப் பற்றிய பேச்சு. இறந்தவர் பேரில் புதிதாக ஒன்று எடுப்பது வேறு கதை.

நான் பட்டது இது. காரை என் பேரிலிருந்து மனைவி பேருக்கு மாற்றினேன். ஆர்சி வந்தது, பாலிசியை மறந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து சித்தூர் ரோட்டோரம் நிறுத்தியிருந்தபோது காய்ந்த தென்னை மட்டை ஒன்று குலையோடு விழுந்தது. முன் கண்ணாடி போனது, பானட் நடுவில் பள்ளம், முன் கண்ணாடி ஓரத்துத் தூண் (ஏ பில்லர்) வரை வளைந்துவிட்டது. சேதம் பார்க்கப் பட்டறைக்கு வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் நல்ல மனிதர். ஆர்சியையும் பாலிசியையும் பானட் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், இரண்டு பேர்களிலும் விரல் வைத்தார். அவ்வளவுதான். 46,000 ரூபாய் கைக்காசு. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, அதே வண்டி என்றெல்லாம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை.

கோபாலபுரம் அக்கா:
14 வருஷமாக மோட்டார் பாலிசி போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

அண்ணனின் என்சிபி பயம் தேவையில்லாதது. என்சிபி ஆளோடு போவது, அது உண்மை. ஆனால் பாலிசிதாரர் இறந்து வண்டி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ போனால், அவருடைய என்சிபியை அவர்களுக்கே கொடுக்க விதி இடம் தருகிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பழைய பாலிசி மூன்றையும் கொண்டுபோய் நேரில் கேளுங்கள். ஆன்லைனில் இதற்கு வழி கிடைக்காது.

இன்னொன்றைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பாலிசியோடு சேர்த்து எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளர்-ஓட்டுநருக்கு மட்டும். ஆர்சியிலும் பாலிசியிலும் பேர் இருந்து, லைசென்ஸும் இருப்பவருக்கு. அப்பா பேரில் புதுப்பித்த காரை நீங்கள் ஓட்டி, கடவுள் காக்கட்டும், ஏதாவது ஆனால் அந்த 15 லட்சத்தில் ஒரு ரூபாய் உங்கள் குழந்தைகளுக்கு வராது. தேர்டு பார்ட்டியாகவும் கேட்க முடியாது. இரவல் பைக்கை ஓட்டிப் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தவரின் வழக்கில், ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார், அப்போதிருந்த 163ஏ பிரிவில் இழப்பீடு கேட்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோப்புக்காரர் அண்ணா, ஒன்பது வருஷமாக மச்சான் காரை ஓட்டுகிறீர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோப்புக்காரர்:
அக்கா, இது எனக்குத் தெரியாது. இன்றைக்கே மச்சானிடம் பேசுகிறேன்.

ஆனாலும் தங்கச்சி பேருக்கு மாற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொள்ளாச்சி ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கணும், கேரளத்தில் வரி கட்டணும், தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மிச்சத்துக்கு மனுப் போட்டு நடக்கணும், கேஎல் 70 நம்பர் வாங்கணும். பழைய காருக்கு இத்தனை பாடா? அம்மா பேருக்கு மாற்றுங்கள். முகவரி ஆனைமலை, நம்பர் அதே டிஎன் 41. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். அப்பா போன வீட்டில் கார் அம்மா பேரில் இருப்பதுதான் மரியாதையும்.

வாளையார் வழி:
மரியாதை சரி. வண்டி நிற்பது எங்கே? வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு செய்யச் சொல்கிறது பிரிவு 47. வரியை இன்றைக்குத் தள்ளிப் போடலாம், அடுத்த வருஷம் அதே கேள்வி வரும். ஓட்டுகிறவர் பேரில் இருந்தால் அந்த 15 லட்சமும் அவருக்கே.

கோபாலபுரம் அக்கா:
அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? இல்லை என்றால் அவர் பேரில் உரிமையாளர்-ஓட்டுநர் காப்பே எடுக்க முடியாது. அப்படி அம்மா பேரில்தான் வைக்க வேண்டுமென்றால், உங்கள் பேரைக் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது தனியாக ஒன்று எடுங்கள். அது இல்லாமல் தினமும் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் போகாதீர்கள்.

மீனாட்சிபுரத்து மகள்:
அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை. எல்லாவற்றையும் அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். 15 லட்சம் விஷயம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "உன் பேருக்கே மாத்திக்கோ, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஒரு சந்தேகம். இறந்ததை 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பார்த்தேன். அது ஜூலை 3-லேயே போய்விட்டதே?

வாளையார் வழி:
தாமதத்தை எழுதிக் கொடுங்கள், கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள். வாரிசுக்கு மாற்றும் படிவம் 31-ஐ 3 மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 3-க்குள் போட வேண்டும். என்ஓசிக்கு படிவம் 28. ஆர்சி வரும்வரை காத்திருக்காமல் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு முதலில் போங்கள்.

தோப்புக்காரர்:
கேரள வரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் 20-ஆம் தேதிக்கு முன்னால் போய்விடுங்கள் தங்கச்சி. பொள்ளாச்சியில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை தேங்காய் லோடோடு அந்தப் பக்கம்தான் வருகிறேன்.

மீனாட்சிபுரத்து மகள்:
செவ்வாய்க்கிழமையே வருகிறேன் அண்ணா. அப்பாவின் பாலிசிக் கட்டையும் அப்படியே எடுத்து வருகிறேன்.