வளைவு அளக்கும் கருவியை மாணவர்களே செய்ய உதவி தேவை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். நான் கல்லடியில் உயர்தரப் பொறியியற் தொழினுட்பவியல் கற்பிக்கும் ஆசிரியை. சுமையேற்றிய இரும்புச் சட்டம் எவ்வளவு வளைகிறது என்பதை அளக்கும் ஆய்வுகூடக் கருவியை விலைக்கு வாங்காமல், மாணவர்களைக் கொண்டே வடிவமைத்துச் செய்விக்க விரும்புகிறேன். தாங்கிகளைத் தானே மட்டம் பார்த்துப் பொருத்திய பிள்ளைக்குத்தான் வாசிப்பு ஏன் பிழைக்கிறது என்பது விளங்கும். 25 மில்லிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பட்டை இரும்பை ஒரு மீற்றர் இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கி, நடுவே ஒரு கிலோகிராம் தொங்கவிட்டால், கணிப்பின்படி அது ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர் தாழ வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் தாழ்வு எட்டில் ஒன்றாகிவிடும். தாழ்வு இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்று சூத்திரத்தில் மனனம் செய்வதை அவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே என் பெருவிருப்பம்.

சட்டகத்தை ஒட்டித்தர ஒருவர் முன்வந்துள்ளார். உருளைத் தாங்கிகளைக் கடைந்து தர, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ லேத் பட்டறை வைத்திருப்போர், மாணவர்கள் அருகில் நின்று கற்கவும் இடமளிப்பார்களா? 0.01 மில்லிமீற்றர் வரை காட்டும் டயல் கேஜ் (சிறு அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) ஒன்றை ஒரு தவணைக்கு இரவலாகத் தர எவருக்கேனும் இயலுமா? கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதால், தாங்கிகளுக்கு ஏற்ற பூச்சு எதுவென அனுபவமுள்ளோர் தெரிவித்தாலும் நன்றியுடையவளாக இருப்பேன்.