வியா ஃபெராட்டா ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே, திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். சுவிஸில் இருக்கும் அண்ணா, வரும் ஆகஸ்டில் என்னையும் மகளையும் இத்தாலியின் டொலமைட் மலைகளுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே வழிகாட்டியோடு வியா ஃபெராட்டா ஏறும் திட்டம். பாறையில் அறைந்த இரும்புவடத்தில் ஹார்னஸின் (இடுப்பில் கட்டும் வார்) இரண்டு கராபினர்களையும் (திறந்து மூடும் கொக்கிகள்) மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வடம் ஆணியில் முடியும் இடத்தில் ஒன்றைக் கழற்றி அடுத்த துண்டில் மாட்டிய பிறகுதான் மற்றதில் கைவைக்கலாம். மகள் இப்போதே ஜன்னல் கம்பியில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகுகிறாள்.

அவளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நிறை 43 கிலோ. விழும்போது அதிர்வை உள்வாங்கும் பட்டி 40 முதல் 120 கிலோ வரைக்கும் என்றாலும், 50 கிலோவுக்குக் குறைந்த புதியவர்களை வழிகாட்டி தனிக் கயிற்றிலும் கட்டுவது நல்லது என்று வாசித்தேன். அதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா, அவர்களே செய்வார்களா?

அப்புறம், பிற்பகலில் இடிமின்னல் வருமாம். அந்த நேரம் இரும்புவடத்தில் நிற்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. நீங்கள் காலை எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினீர்கள்? நாங்கள் இதுவரை ஏறியது கோணேசர் கோயில் மலை மட்டும்தான். முதல் தடவைக்கு ஏற்ற பாதை எது? போய்வந்த அண்ணாமார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள்.