குழாய்த் தண்ணீரின் நிறம், வாடை, சுவைக்கு அளவு உண்டா?

கேள்வி: கிருமிக்கும் ஈயத்துக்கும் வரம்பு இருக்கிறது. நிறம், சுவைக்கும் எண்ணில் ஏதாவது உண்டா? இங்கே தண்ணீரில் அழுகிய முட்டை வாடை வேறு.

பதில் 1: உண்டு, ஆனால் உடல்நல வரம்பு அல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஜனங்கள் முகம் சுளிக்காத அளவு. நிறம் 15 அலகைத் (TCU, தண்ணீரின் நிறத்தை அளக்கும் அலகு) தாண்டினால் டம்ளரிலேயே தெரியும். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் துவைக்கும் துணியில் கறை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை சுவை நன்றாகவே இருக்கும். 1000க்கு மேல் குடிக்கவே பிடிக்காது.

பதில் 2: வாடை வெந்நீரில் மட்டுமா? ஹீட்டர் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே வைக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பியைச் சந்தேகப்படுங்கள். அலுமினியம்-துத்தநாகக் கம்பி போட்டால் பெரும்பாலும் அடங்கும். முதலில் டம்ளரில் பிடித்து, சிங்க்கை விட்டுத் தள்ளிப்போய் முகருங்கள். சாக்கடைக் குழாயின் நாற்றத்துக்குத் தண்ணீர் பழி சுமப்பது சகஜம்.

பதில் 3: வெண்மையாக வந்தால் டம்ளரை அப்படியே வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்று. அடியில் படிந்தால் வண்டல்.