லெக்சரர் வேலைக்கு இங்கிலாந்து கிளம்பும் டெல்டாக்காரர்களுக்கு

மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, இங்கே பொறியியல் கல்லூரியில் 6 வருடம் ஐ.டி. துறையில் வேலை பார்த்தேன். செப்டம்பரில் இங்கிலாந்தில் லெக்சரராகச் சேர வேண்டும். எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?"

அவருக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். நானும் அங்கே லெக்சரர்தான், ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். வந்த இடத்திலும் மறுதேர்வுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் நிரல்களைத்தான் (புரோகிராம்) திருத்திக்கொண்டிருக்கிறேன். திண்ணையில் லேப்டாப், பக்கத்தில் காப்பரிசிக் கிண்ணம். "லீவுன்னுதானே வந்தே?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாயிற்று. இதிலிருந்தே வேலையின் லட்சணம் புரிந்திருக்கும். பாடம் எடுப்பது அதில் சின்னப் பங்கு. மதிப்பெண் போடுவதும், போட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்வதும்தான் பெரிய பங்கு.

முதலில் இங்கே முடிக்க வேண்டியது. நான் வேலை பார்த்த கல்லூரியில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராஜினாமா கொடுத்தபின் அவற்றைத் திரும்ப வாங்க 7 வாரம் நடந்தேன். அந்த வருடம் அட்மிஷனுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுக்கவில்லை என்று அவர்களுக்குக் கோபம். வீடு வீடாகப் போய் "உங்க பையனை எங்க காலேஜ்ல சேருங்க" என்று கேட்டவர்களுக்கு அந்த வெயிலும் கூச்சமும் தெரியும். ஆகவே தம்பி, சான்றிதழ் கைக்கு வந்தபின் ராஜினாமாவைப் பற்றி வாயைத் திறங்கள். ரிலீவிங் ஆர்டரையும் அனுபவச் சான்றிதழையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேப் ரிப்போர்ட் உதவாது.

இனி மதிப்பெண். அங்கே இளநிலையில் 40 எடுத்தால் பாஸ், முதுநிலையில் 50. 70 எடுத்தால் முதல் வகுப்பு. நம் வீடுகளில் 70 என்றால் அப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டார். அங்கே அது கொண்டாடுகிற மதிப்பெண். இது தெரிந்திருந்தும் கை கேட்கவில்லை. என் முதல் டெர்மில் டேட்டாபேஸ் (தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து வைப்பது) பாடத்துக்கு 85, 90 என்று அள்ளிப் போட்டேன். நாம் போடுவதை இன்னொரு ஆசிரியர் சரிபார்ப்பார். அதற்கு மேல் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வெளித் தேர்வாளர் ஒருவர் பார்ப்பார். என் தாள்களைப் பார்த்த சக ஆசிரியர் "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். பாராட்டு என்று நினைத்து தேங்க்ஸ் சொன்னேன். அந்த ஊரில் அதற்கு "இது சரிப்படாது" என்று அர்த்தம் என்பது வெள்ளிக்கிழமை மீட்டிங்கில்தான் விளங்கியது. சனி, ஞாயிறு முழுக்க 64 பேருடைய வேலையை மறுபடி திருத்தினேன்.

எப்படித் திருத்த வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். முன்பு நான் "டிசைன் சரியில்லை, 11/20" என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். இப்போது எழுதுவது இப்படி: "ஆர்டர் டேபிளிலேயே வாடிக்கையாளரின் முகவரியையும் வைத்திருக்கிறீர்கள். அவர் வீடு மாறினால் அவருடைய ஒவ்வொரு ஆர்டர் வரிசையிலும் முகவரியைத் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு முகவரி. வாடிக்கையாளருக்குத் தனி டேபிள் போட்டிருந்தால் இந்தப் பகுதியில் 15க்கு மேல் வந்திருக்கும்." ஒவ்வொருவருக்கும் இந்த அளவு எழுத வேண்டும், அதுவும் பல இடங்களில் மூன்று வாரத்துக்குள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

நம்மூர் இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து வரும். விடைத்தாள் வேறெங்கோ போய்த் திருத்தப்படும். பிள்ளைகள் ஃபெயிலானால் பழியைப் பங்கு போட ஆள் உண்டு. அங்கே வாய்க்கால் வெட்டுவதும் நீங்கள்தான், மடை திறப்பதும் நீங்கள்தான், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு வாங்குவதும் நீங்கள்தான். யு.ஜி.சி. 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. அங்கே டைம்டேபிளில் 8, 9 மணி நேரம்தான் இருக்கிறதே என்று குளிர்ந்துபோகாதீர்கள். மிச்ச நேரமெல்லாம் ஈமெயிலும் மீட்டிங்கும் தின்றுவிடும். புதிதாகச் சேருகிறவர்களைக் கற்பித்தலுக்கென்றே ஒரு சான்றிதழ்ப் படிப்பு படிக்கச் சொல்வார்கள். 6 வருட அனுபவம் இருக்கிறதே என்று முறைக்காமல் படித்துவிடுங்கள்.

வகுப்பில் நுழைந்தால் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள். சார், மேடம் கிடையாது, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். புரொபசர் என்று மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்: லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர் எல்லாம் தாண்டி ஏணியின் உச்சியில் இருப்பது அது. அப்புறம், "எனி டவுட்ஸ்?" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை. நான் கேட்டபோது முன்வரிசைப் பையன் ஒருவன் பரிதாபமாக, "இல்லை, நீங்கள் சொல்வதை நம்புகிறோம்" என்றான்.

இப்போதைய பெரிய தலைவலி, ஏ.ஐ. எழுதிக் கொடுத்த நிரல். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தால் பிடிக்க ஸ்டான்ஃபோர்டின் மாஸ் போன்ற கருவிகள் உண்டு. ஏ.ஐ. எழுதியதற்கு அப்படி நம்பக்கூடிய கருவி எதையும் நான் பார்க்கவில்லை. எனவே பத்து நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வைக்கிறேன். போன வருடம் ஒருவர் கொண்டுவந்த பைத்தான் நிரலில் ஒரே பட்டியலை இரண்டு இடத்தில் வரிசைப்படுத்தியிருந்தது. "இரண்டாவது எதற்கு? எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்றேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் நாமாக ஜீரோ போட முடியாது. சந்தேகத்தை எழுதிக் கொடுக்கலாம், முடிவு அதற்கென்று இருக்கும் குழுவுடையது. நம்மூர் வழக்கப்படி வகுப்பிலேயே நிற்க வைத்துக் கேட்டீர்களானால் குழு முன் நிற்பது நீங்களாக இருக்கும்.

எம்.எஸ்சி. வகுப்பில் நம்மூர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், ஊர்ப் பேச்சை வைத்து என்னைக் கண்டுகொண்டான். மூணு மா நிலத்தை ஒத்திக்கு வைத்துவிட்டு வந்திருந்தான். மாணவர் விசாவில் டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இரவெல்லாம் குடோனில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலை 9 மணி லேபில் உட்கார்ந்தபடியே தூங்குவான். "மேடம், கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று ஒருநாள் கேட்டான். தாளில் பெயரே வராது என்று சொன்னபோது எனக்கே ஆறுதலாக இருந்தது. அதற்குப் பதில் வாராவாரம் புதன்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். வேறு மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். 58 வாங்கினான்.

கீழே கமெண்டில் கேட்டவர்களுக்கு:

பொங்கலுக்கு வர முடியுமா என்றால், மறந்துவிடுங்கள். ஜனவரி தேர்வும் திருத்தமும் அப்போதுதான். சம்பா நடவு நேரத்தில் டெர்ம் தொடங்கும். அறுவடையை வாட்ஸாப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

துக்கத்துக்கு லீவு உண்டு. ஆனால் என் பெரியப்பா இறந்தபோது "அங்கிள்தானே, ஒரு நாள் போதுமா?" என்றார்கள். அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர். வாயடைத்துப்போய் சரி என்றுவிட்டேன். மேலதிகாரியிடம் விளக்கிச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. நீங்கள் விளக்கிச் சொல்லுங்கள்.

பென்ஷன் பிடித்தத்தைப் பார்த்ததும் வயிறு எரியும். விலகாதீர்கள், உங்கள் பங்கோடு நிர்வாகமும் போடுகிறது.

குளிருக்கு என்ன எடுத்துப் போவது என்று கும்பகோணத்துத் தங்கை கேட்டிருக்கிறார். உங்கள் ஊரில் வளர்ந்த ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவர். படுக்கையில் கம்பளிகளை மெத்தையோடு சேர்த்துச் செருகி வைத்திருப்பார்கள் என்பது தெரியாமல், அவற்றின் மேலேயே ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுத்து நடுங்கியிருக்கிறார். உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர், அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் மேதையான மகலநோபிஸ். ஆகவே கோட்டை அங்கே போய் வாங்குங்கள், தெரியாததைப் பக்கத்து அறைக்காரரிடம் கேளுங்கள். இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது இரண்டு பேருக்கான சின்ன காபி ஃபில்டர். பெரியது வேண்டாம், தனியாக இருக்கும்போது டிகாஷன் வீணாகும்.

ஆற்றுக்குக் கிளம்பச் சொல்லி அம்மா கூப்பிடுகிறார். இன்னும் 5 பேருடைய நிரல் பாக்கி இருக்கிறது. வீடு வாடகைக்குப் பிடிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு ராத்திரி வந்து எழுதுகிறேன்.