பழங்குடி மக்களின் போராட்ட ஆவணப்படங்கள்: பரிந்துரை தேவை

வணக்கம். பழங்குடி மக்களின் நில உரிமைப் போராட்டங்கள் பற்றிச் சிறிய திரையிடல் தொடர் நடத்த இருக்கிறோம். முதல் படம் முடிவாகிவிட்டது: அலானிஸ் ஒபோம்சாவின் என்ற இயக்குநர் எடுத்த 'கனெசடாகே: 270 ஆண்டு எதிர்ப்பு' (1993). கோல்ஃப் மைதானத்தை விரிவாக்க கனடாவின் கனெசடாகேயில் வாழும் மோஹாக் பழங்குடி மக்களின் இடுகாட்டை ஒட்டிய பைன் காட்டைக் கேட்கப் போய், 1990இல் கனடா ராணுவமே வந்து நின்ற கதை. 78 நாள் இழுபறி. அபெனாகி என்ற பழங்குடி இனத்தவரான ஒபோம்சாவின், மோஹாக் மக்கள் போட்ட சாலைத் தடுப்புக்கு உள்ளே இருந்தே படம்பிடித்தார். அதுதான் படத்தின் பலம்.

அடுத்து என்ன போடலாம்? அந்தந்தச் சமூகத்தவரே எடுத்தவை வேண்டும். வெளியிலிருந்து போய்ப் பரிதாபப்படும் படங்கள் வேண்டாம் (அவைதான் ஏராளமாகக் கிடைக்கின்றனவே!). லத்தீன் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்றால் இன்னும் நல்லது. அப்புறம், பொதுத் திரையிடலுக்கு அனுமதி கேட்க வேண்டியது தயாரிப்பாளரிடமா, விநியோகஸ்தரிடமா? தமிழில் துணைவசனம் சேர்த்த அனுபவம் இருந்தாலும் சொல்லுங்கள்.