ரேஸ்-டே மெடிகேஷன்: 'பந்தயநாள் மருந்து' என்று வைக்கலாமா?

> 'ஊக்கமருந்து' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே. குதிரைக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

ரேஸ்-டே மெடிகேஷன், அதாவது பந்தயத்தன்று குதிரைக்கு மருந்து கொடுப்பதற்கு, தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஊக்கமருந்து என்று எழுதிய உடனே குற்றம் முடிவாகிவிடுகிறது. அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் நடக்கும் சண்டையோ பெரும்பாலும் சாதாரண சிகிச்சை மருந்துகளைப் பற்றியது. கெண்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பந்தயத்தில் 1968-ல் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை, ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தால் வெற்றியை இழந்தது. பயிற்சிக் காலத்தில் அதைக் கொடுக்கலாம்; பந்தயத்தன்று உடம்பில் இருந்ததுதான் தப்பு. 2021 டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் கதையும் இதேதான். அதன் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற அழற்சி குறைக்கும் மருந்து இருந்தது. தோல் நோய்க்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று குதிரையின் தரப்பு வாதாடியும், 2022 பிப்ரவரியில் வெற்றி பறிபோனது.

இரண்டிலும் என்ன மருந்து என்பதைவிட எந்த நேரத்தில் என்பதே வழக்கு. அந்த நேரம் நம் சொல்லில் தெரியவேண்டும். அதனால்தான் 'பந்தயநாள் மருந்து'.

லாசிக்ஸைப் பாருங்கள். ஃபியூரோசமைடு என்ற பொதுப்பெயர் கொண்ட அதே நீர்பிரிப்பு மருந்துதான், நம் வீட்டுப் பெரியவர்கள் இதயக் கோளாறுக்குச் சாப்பிடுவது. குதிரை முழுவேகத்தில் ஓடும்போது நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் மிகவும் ஏறி அவை வெடித்துக் கசிகின்றன. சில குதிரைகளுக்கு மூக்கில் ரத்தமே வரும். அழுத்தத்தைக் குறைக்க, பந்தயத்துக்கு 4 மணி நேரம் முன்பு லாசிக்ஸ் ஊசி போடுவது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடைமுறை. தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை வைத்து நடத்தி 2009-ல் வெளிவந்த ஆய்வு, அது கசிவைக் குறைக்கிறது என்று காட்டியது. பிரிட்டன் போன்ற நாடுகளிலோ பந்தயத்தன்று அதற்கு அனுமதியே இல்லை. ஒரே ஊசி ஓரிடத்தில் சிகிச்சை, இன்னோரிடத்தில் விதிமீறல். இதற்குப் போய் ஊக்கமருந்து என்று பெயர் வைத்தால், நாமே தீர்ப்பும் எழுதியதாகிவிடும்.

அன்புடன்.

---

> நாமே தீர்ப்பும் எழுதியதாகிவிடும்.

நண்பருக்கு, ஒரு மறுப்பு. லாசிக்ஸ் போட்ட குதிரை சிறுநீராகப் பல கிலோ எடையை இழக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது பந்தயக்காரர்கள் எல்லோரும் பேசுவதுதான். சிறுநீர் நீர்த்துப்போவதால் மற்ற மருந்துகள் சோதனையில் தப்பிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. ஆக, சிகிச்சை என்று மட்டும் சொல்வதும் ஒரு தீர்ப்புதானே? அப்புறம், 'பந்தயநாள் மருந்து' என்றால் அன்றைக்குக் கொடுக்கவேண்டிய மருந்து என்றுகூடப் படிக்கத் தோன்றும்.

---

இரண்டாவது கருத்தை முழுக்க ஏற்கிறேன், அம்மா. 'பந்தயநாள் மருந்தளிப்பு' என்று மாற்றிவிடலாம். விதி கட்டுப்படுத்துவது மருந்தை அல்ல, கொடுக்கும் செயலை. 2020 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்கக் குதிரைப் பந்தய நேர்மை, பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் பேசுகிறது: பந்தயத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எதையும் கொடுக்கக்கூடாது. ஃபியூரோசமைடுக்கு மட்டும் மாநிலங்கள் கேட்டால் 3 ஆண்டு விலக்கு. அதிலும் 2 வயதுக் குதிரைகளுக்கும் பெரிய பரிசுப் பந்தயங்களுக்கும் விலக்கு இல்லை. இந்த மருந்து விதிகள் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 'மருந்தளிப்பு' என்றால் நல்லதா கெட்டதா என்று சொல் எதுவும் சொல்லாது; உங்கள் முதல் கவலைக்கும் அதுவே பதில்.

ஆனால் டான்சர்ஸ் இமேஜ் வகை வழக்குகள் இதில் அடங்காது. அங்கே மருந்து சில நாள் முன்பே கொடுத்தது, தங்கியதுதான் சிக்கல். அதற்கு 'மருந்தெச்சம்' என்று தனியாக வைப்போம்.

இன்னொரு இணையைக் குழப்பிவிடாமல் இருக்கவேண்டும். டிடெக்ஷன் டைம் என்பது சோதனைக் குதிரைகள் சிலவற்றுக்கு மருந்து கொடுத்து, அது எவ்வளவு நேரம் தென்படுகிறது என்று ஆய்வகம் அளந்து வெளியிடுவது. வித்டிராயல் டைம் என்பது அதன்மேல் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டி, இந்தக் குதிரைக்கு இத்தனை நாள் என்று கால்நடை மருத்துவர் சொல்வது. ஆய்வகத்தின் எண்ணை அப்படியே நம்பி ஓட்டினால், மருந்து மெதுவாக வெளியேறும் குதிரை மாட்டிக்கொள்ளும், தண்டனை பயிற்சியாளருக்கு. முன்னதற்கு 'கண்டறி காலம்', பின்னதற்கு 'விலக்குக் காலம்' என்று பரிந்துரைக்கிறேன்.

திரெஷோல்டுக்கு, அதாவது ஒரு பொருள் உடம்பில் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற எல்லைக்கு, 'வரம்பளவு' போதும். உடம்பிலேயே இருக்கும் பொருள்களுக்குச் சுழியம் கேட்கமுடியாது. களைப்பைத் தள்ளிப்போடக் குழாய் வழியாகச் சோடா உப்புக் கரைசல் ஏற்றும் மோசடியைப் பிடிக்க, ரத்த பிளாஸ்மாவில் மொத்தக் கரியமில வாயு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்று சர்வதேச வரம்பளவு வைத்திருப்பது நல்ல எடுத்துக்காட்டு.

'விலக்குக் காலம்' மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை. மேலே சட்டம் தந்த 3 ஆண்டு விலக்கோடு மோதுகிறது. 'மருந்தொழி காலம்' எப்படி? கால்நடை மருத்துவம் படித்தவர்கள் யாராவது சொன்னால், ஐந்து சொற்களையும் சேர்த்து இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றிவிடலாம்.